மூன்று முழம் வடக்கே

ஆவணி 5, புதன்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலையே தெரியவில்லை. நாளை புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்கிறோம்.

வேண்டியவை: மஞ்சள், குங்குமம், நவதானியம், மஞ்சள் துணி, தேங்காய் மூன்று, பால் ஒரு செம்பு. மாவிலை பள்ளிக்கூடத்து மரத்தில் பறித்தாயிற்று. நிலைக்கு அடியில் போட என் பழைய மூக்குத்தி. வேறு பொன் இல்லை.

வாசல் பக்கத்து அஸ்திவாரக் கடைக்கால் நேற்றுதான் மட்டத்துக்கு வந்தது. பத்து நாள் இழுத்தடித்த வேலை ஒரே நாளில் முடிந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வானப் பள்ளம் தோண்டி, கல் அடுக்கி, மேலே காரையும் பூசியாயிற்று. எல்லாம் பரமசிவம் மேஸ்திரி. (இனி ப.மே. முழுப்பெயர் எழுதி மையை வீணாக்குவானேன்.)

"எத்தனை அடி தோண்டினீங்க மேஸ்திரி?"

"தோண்டுற அளவுக்குத் தோண்டியாச்சு டீச்சரம்மா."

வீட்டுக்கணக்கு எங்கே என்று கேட்டால் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் பதில் சொல்லும்.

போன வாரச் சண்டையின் கோபம் அவருக்கு இன்னும் இருக்கிறது. வாசலை நடுவில் குறித்திருந்தார். மனையடிப் புத்தகப்படி சுவரை ஒன்பதாகப் பங்கிட்டால் நான்காம் பாகத்தில் வர வேண்டும். மூன்று முழம் வடக்கே தள்ளச் சொன்னேன். "அங்கிட்டு வேணாம் டீச்சரம்மா, சோலி கூடும்" என்றார். சோலி கூடுமாம். சோம்பல் என்று சொல்ல வாய் வரவில்லை. தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று நின்றேன்.

எனக்கு நேரமில்லை. இந்த மாதம் முகூர்த்தம் இரண்டே: நாளை, அப்புறம் 27. புரட்டாசியில் எவரும் நிலை வைக்க மாட்டார்கள். ஐப்பசியில் மழை. கார்த்திகைக்குள் இந்த வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும், வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் கூரை ஏறவில்லை என்றால் பாத்திரம் பண்டத்தோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

மலையிலிருந்து என் கணவர் வந்துவிட்டார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ஏலக்காய் பறிப்புக் காலம், ஒரு நாள்தான் விடுப்பு. மலை போன வருஷம் கேரளாவோடு சேர்ந்ததிலிருந்து போடி மேட்டில் ஜீப்பை நிறுத்தி ஒரு மணி நேரம் சோதனையாம். லேசாக இருமுகிறார்.

ஆவணி 6, வியாழன்

வைத்தாயிற்று. 7.40க்கு. சாரல் விட்டிருந்தது. வேங்கை நிலை, ஆறு பேர் தூக்கினார்கள். பால் ஊற்றும்போது கொஞ்சம் என் புடவையிலேயே சிந்தியது. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

முந்தல் பாதையில், மலையடியில், புதர் மண்டிய சரிவில் ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. இந்தப் பக்கம் நின்றால் போடி தெரிகிறது, அந்தப் பக்கம் நின்றால் மலை. சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், இதெல்லாம் மறந்துபோகும்.

மத்தியான ஜீப்பில் அவர் மலை ஏறிவிட்டார். கம்பளிச் சட்டையை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆவணி 8, சனி

வேலைக்கு ஒருவரும் வரவில்லை. சித்தாள் ஒச்சாயி மட்டும் மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க உங்க மேஸ்திரி?"

"எனக்கென்ன தெரியும் டீச்சரம்மா."

தெரியும். முகத்தில் எழுதியிருந்தது. பஸ் பிடித்து ஊருக்குள் போனேன். ஏலக்காய் வியாபாரி ஒருவர் வீட்டுக்குப் பின்னால் சரக்குக் கிட்டங்கி கட்டுகிறார்கள். என் ஆட்கள் ஐந்து பேரும் அங்கே. ப.மே. சாரத்தின் மேல். என்னைக் கண்டதும் ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்து உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"திங்கக்கெழமை வந்துர்றோம் டீச்சரம்மா. நிலை வச்ச சுவரு, கொஞ்சம் எறுகட்டும்."

இறுகட்டுமாம்! நடுத்தெருவில் கத்தினேன். ஒரு டீச்சர் அப்படிக் கத்தக் கூடாது. கத்தினேன்.

ஆவணி 10, திங்கள்

நேற்று மாலை நல்ல மழை, ஒரு மணி நேரம். காலையில் பள்ளிக்கு முன்பே மனைக்குப் போனேன். மலையிலிருந்து வழிந்த தண்ணீர் எல்லாம் வாசலைச் சுற்றி வந்திருக்கிறது. வந்த தடம் இருக்கிறது, போன தடம் இல்லை. எங்கே போயிற்று?

நிலைக்கு வலது பக்கம், இரண்டு வரிசை கட்டிய சுவரில் நூல் போல ஒரு கீறல். ப.மே. விட்டுப் போன தூக்குக்குண்டை எடுத்து நிலையில் பிடித்தேன். குண்டு ஒரு விரற்கடை விலகி நின்றது. கை நடுக்கமாக இருக்கும் என்று ஒச்சாயியைப் பிடிக்கச் சொன்னேன். அப்போதும் ஒரு விரற்கடை.

ஒச்சாயி கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள்.

ப.மே. வரவில்லை. திங்கள் என்றாரே, எந்தத் திங்கள் என்று கேட்காதது என் தப்பு.

ஆவணி 12, புதன்

நேற்று மாலை வாசலை ஒட்டி இரண்டு முழக் குழி ஒன்று வெட்டினேன். நானேதான். மண்வெட்டிப் பிடி உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் போட்டது. ப.மே. முதலில் குறித்த நடு இடத்தில் இன்னொன்று. இரண்டிலும் நான்கு நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். மண் கெட்டியா என்று பார்க்கிற வழி. என் அப்பா செய்து பார்த்திருக்கிறேன்.

காலை: நடுக்குழியில் அரைக்குழித் தண்ணீர் அப்படியே நின்றது. வாசல் குழி காய்ந்து கிடந்தது. கடப்பாரையைப் போட்டேன். குத்தவில்லை, சும்மா போட்டேன். ஒரு முழம் இறங்கியது.

நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தும்போது ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் திருத்தின.

ஆவணி 13, வியாழன்

ப.மே. வந்தார்! குழியைக் காட்டினேன், கீறலைக் காட்டினேன்.

"புதுச் சுவருன்னா அப்படித்தேன் இருக்கும். நானென்ன இன்னிக்கா கரண்டி பிடிக்கிறேன்?"

"கடப்பாரை ஒரு முழம் இறங்குது மேஸ்திரி."

"எலி வளையா இருக்கும்."

எலி வளை. ஒரு முழ எலி. ஒச்சாயி அப்போது மண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஆவணி 15, சனி

தெரிந்துவிட்டது.

மத்தியானம் ஒச்சாயிக்குக் கஞ்சியும் துவையலும் கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள். அப்புறம் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த வாசலு இருக்கிற எடம் மண்ணு எடுத்த குழி டீச்சரம்மா. நான் கல்யாணமாகி வந்த புதுசு. அங்கிட்டு ஒரு மதிலு வச்சாக. அதுக்கு இங்கனதேன் மண்ணு வெட்டுனது. இந்தத் தலையிலதேன் சுமந்தேன். ஆள் ஒசரத்துக்கு மேல குழி. பொறகு குப்பையக் கொட்டி மூடிட்டாக."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"மேஸ்திரிக்குத் தெரியும். வாயத் தொறந்த, நாளைக்குச் சோலி கெடையாதுன்னாக. எனக்கு அவுக குடுக்கிற சோலிதேன்."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவள் மேல் இல்லை.

ஆவணி 16, ஞாயிறு

ப.மே. வீட்டுக்கே போனேன். முதலில் மறுத்தார். ஒச்சாயி பேரைச் சொல்லவில்லை, குழி என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்னேன்ல டீச்சரம்மா? அங்கிட்டு வேணாம்னு சொன்னேன்ல? வாசலு நடுவுல இருந்தா, அந்தக் குழி மேல பெரிய பலகைக்கல்லப் போட்டுச் சுவரத் தாண்டிவிட்டிருப்பேன். நீங்க வாசலக் கொண்டுபோயி சரியா அதுமேல வச்சீக. நாலு அடி வெட்டுனேன், குப்பையா வருது. ஒரு நா விட்டு முகூர்த்தம். என்ன செய்யச் சொல்றீக?"

"குழின்னு சொல்லியிருக்கலாமே. சோலி கூடும்னா சொல்றது?"

"சொல்ல விட்டீகளா?"

விடவில்லை. அது உண்மை. அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன். புத்தகத்தை நீட்டினேன், அவர் வாயை மூடினார்.

சரி, நிலையைக் கழற்றி, குழியை அடி வரை வெட்டி, கல் போட்டுக் கட்டுங்கள் என்றேன். எழுந்தே நின்றுவிட்டார்.

"நட்ட நெலையப் பிடுங்குறதா? நான் மாட்டேன். என் ஆளு எவனும் தொட மாட்டான். வீட்டுத் தலைக்கு ஆகாது டீச்சரம்மா. அய்யா மலையில தனியா இருக்காக. யோசிச்சுப் பேசுங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

ஆவணி 17, திங்கள்

மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம்: சொந்த வேலை. தலைமையாசிரியர் கண்ணாடிக்கு மேல் பார்த்தார்.

நிலையை விட்டுவைத்தால்: ஐப்பசி மழையில் முன்சுவர் உட்காரும். வாசல்படியில்தான் அவர் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

எடுத்தால்: அவர்.

நான் இதையெல்லாம் நம்புகிறவளா? வாசலை மூன்று முழம் தள்ளச் சண்டை போட்டவள் எப்படி நம்பாதவள் ஆக முடியும்? நல்லதை மட்டும் நம்பிவிட்டுக் கெட்டதை விட்டுவிட முடியுமா? பயமாக இருக்கிறது. அவருக்கு எழுதிக் கேட்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், உன் இஷ்டம் என்பார். அது இன்னும் மோசம்.

மாலை ஒச்சாயியிடம் சொன்னேன், நாளை நான் கழற்றப் போகிறேன் என்று. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். அப்புறம், "ஒத்தையில எப்படிக் கழட்டுவீக? என் நாத்தனாமாரு ரெண்டு பேரக் கூட்டியாறேன். அந்த மண்ணச் சுமந்தவ நான்" என்றாள்.

ஆவணி 18, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. நல்ல காரியத்துக்கு ஆகாது. இதை யார் நல்ல காரியம் என்றது?

ஒச்சாயி தேங்காய் உடைத்தாள். அம்மனைக் கூப்பிட்டு, "எங்க மேல கோவிக்காத ஆத்தா, குப்பையில நிக்க வச்சுட்டோம், நல்ல எடத்துல வச்சிர்றோம்" என்றாள். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

இரண்டு பக்கமும் கட்டியதைக் கடப்பாரையால் பிரித்தோம். நிலையில் கயிறு கட்டி நான்கு பெண்கள் சாய்த்தோம். பாரம் தோளில் இறங்கியபோது விட்டுவிடுவேன் என்றே நினைத்தேன். விடவில்லை. மத்தியானச் சங்கு ஊதும்போது நிலை தரையில், சாக்கின் மேல். மேலே கட்டிய நவதானிய முடிச்சை அவிழ்க்கவில்லை.

மூக்குத்தி கிடைத்தது. காரை ஒட்டியிருந்தது. கழுவி வைத்திருக்கிறேன்.

பாதையில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். இந்நேரம் போடி முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஆவணி 19, புதன்

தோண்டல். நான்கு அடி வரை ப.மே. போட்ட கல். அதற்குக் கீழே: ஓட்டுச்சில்லு, கரித்தூள், மாட்டு எலும்பு, ஒரு அறுந்த செருப்பு, அழுகிய ஓலை. இதன் மேல்தான் நாங்கள் பால் ஊற்றியது.

இடுப்பு நிமிரவில்லை. சோறு பிசையக் கை மடங்கவில்லை.

ஆவணி 20, வியாழன்

மழை. குழிக்குள் முழங்கால் தண்ணீர். வாளியால் இறைத்தோம். மேல்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மலைத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். இதை அந்த மேஸ்திரி முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஆறடி. இன்னும் குப்பைதான். 27க்கு ஏழு நாள்.

விடுப்பு தீர்ந்தது. இன்னும் இரண்டு நாளுக்கு எழுதி அனுப்பினேன். காரணம்: காய்ச்சல். எழுதும்போதே சரியாகப் படவில்லை.

ஆவணி 21, வெள்ளி

ஜீப் டிரைவர் குழிக்கரைக்கே வந்து துண்டுக் கடிதம் கொடுத்தார். என் கணவரின் கையெழுத்து. "லேசான காய்ச்சல். கம்பவுண்டர் மருந்து கொடுத்திருக்கிறார். கவலை வேண்டாம். ஞாயிறு இறங்கி வருகிறேன்."

தேதி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன், கடிதத்துக்குத் தேதி போடுங்கள் என்று. என்றைக்கு வந்த காய்ச்சல்? செவ்வாய்க்கு முன்பா, பின்பா?

டிரைவரைக் கேட்டேன். "தெரியலம்மா. தோட்டத்து ஆள் கையில குடுத்தாரு, வாங்கியாந்தேன்." சொல்லிக்கொண்டே கீழே கிடக்கும் நிலையைப் பார்த்தார்.

மாலை ப.மே. வந்தார். அதற்குள் சேதி போயிருக்கிறது. குழியை எட்டிப் பார்த்தார், நிலையைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மண்வெட்டியால் அடித்திருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் குழிக்குள் உட்கார்ந்து அழுதேன். ஒச்சாயி மேலே நின்று, ஆட்கள் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டாள்.

ஆவணி 22, சனி

ஏழே கால் அடி. கடப்பாரை 'ணங்' என்றது. செம்மண், சரளை. இன்னொரு மூலையிலும் போட்டேன், அங்கேயும் ணங். கெட்டி மண்.

ஒச்சாயி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண் கெட்டி, சரி. கல் கட்ட ஆள்? நிலை தூக்க ஆள்? ஊரில் இரண்டு கொத்தனாரைக் கேட்டுப் பார்த்தேன். "பிடுங்குன நெலையா?" என்றார்கள், இருவரும் ஒரே குரலில்.

நாளை அவர் வருகிறார்.

ஆவணி 23, ஞாயிறு

பத்து மணி ஜீப். வீட்டுக்குப் போகாமல் நேரே மனையில் வந்து இறங்கினார். இளைத்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. என் கையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கிடக்கும் நிலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ப.மே. இருந்தார். யார் சொல்லி வந்தாரோ. தள்ளி, மரத்தடியில்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "காய்ச்சல் என்னிக்கு வந்துச்சு?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சத்தமாகச் சொன்னார். "நிலை வச்சிட்டு மலை ஏறினேன்ல, அன்னிக்கே பிடிச்சிருச்சு சௌந்தரம். விட்டு விட்டு அடிச்சது. உனக்கு எழுதுனா நீ பயப்படுவியேன்னு விட்டுட்டேன். செவ்வாக்கெழமை மத்தியானந்தான் சுத்தமா விட்டுச்சு. அதுக்கப்புறம் அசதிதான்."

"செவ்வாக்கெழமையா?" என்றார் ப.மே.

"செவ்வாக்கெழமைதான்."

ஒச்சாயி கூடையைக் கீழே போட்டாள். "நாங்க கழட்டுனது செவ்வாக்கெழமை மத்தியானந்தேன்! சங்கு ஊதுச்சே!"

ப.மே. நிலைப் பக்கம் போனார். குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "குப்பையில நின்னது அதுக்கே பொறுக்கல" என்றார். அப்புறம் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஆளக் கூட்டியாறேன் டீச்சரம்மா. கல்லு மூணு நாள்ல மேல வந்துரும். இருவத்தேழு வச்சிரலாம்" என்றார்.

நானும் சொல்லிவிட்டேன். "மூணு முழம் தள்ளச் சொன்னது நான்தான் மேஸ்திரி. வாசல நீங்க குறிச்ச எடத்துலயே வைங்க." சொன்னதும் தோளிலிருந்து பாரம் இறங்கியது.

சுக்குக் கஷாயம், ரசம் சோறு. இரண்டு கவளம்தான் சாப்பிட்டார். அதிலிருந்து தூங்குகிறார்.

ஆவணி 24, திங்கள்

வெயில். மலை தெளிவாகத் தெரிகிறது. பள்ளிக்குப் போகுமுன் அவர் துணிகளைத் துவைத்தேன். சட்டைப் பையில் மடித்த சீட்டு ஒன்று. தோட்டத்து மருந்துச் சீட்டு. கம்பவுண்டர் ஆங்கிலத்தில் கிறுக்கியிருக்கிறார். தேதியைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். போன வியாழன். "இரண்டு நாளாகக் காய்ச்சல்" என்று போட்டிருக்கிறது.

விரல் விட்டு எண்ணினேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. மூன்று தடவை.

செவ்வாயன்று விட்டதல்ல. செவ்வாயன்று வந்தது.

ஜீப்பில் வரும் வழியெல்லாம் டிரைவர் நிலை கழற்றிய கதையை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்திருப்பார். நிலை கிடப்பதைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை, நேற்று அதை நான் யோசிக்கவில்லை. அவ்வளவு சத்தமாக அவர் பேசியதே இல்லை. ப.மே. காதில் விழத்தான் பேசியிருக்கிறார்.

உள்ளே போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

கேட்க மாட்டேன். 27 முடியட்டும். 27 முடிந்தாலும் கேட்க மாட்டேன். சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒச்சாயி வந்து நிற்கிறாள். "டீச்சரம்மா, வாசலுக்குக் குறி போடணுமாம், கயித்தோட ஒரு முனைய நீங்கதேன் பிடிக்கணும்னு மேஸ்திரி சொல்லிவிட்டாக. வெரசா வாங்க."

மூக்குத்தியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.